பிள்ளையை பானெட் மேல் தூக்கி வைப்பது யார்?

பழைய கார் கண்காட்சி என்றால் சென்னையில் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி சாப்பிட்ட கையோடு குடும்பம் குடும்பமாக வந்து விடுகிறார்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று!

வரட்டும். நல்லதுதான். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகள் இப்படிப்பட்ட கண்காட்சிகளையும் கார் ஊர்வலங்களையும் நடத்துவதே ஜனங்கள் வந்து பார்க்கத்தானே? மவுண்ட் ரோடு சிம்சன் கம்பெனியில் 1903-ம் ஆண்டிலேயே சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டிய ஊர் இது. கார் பார்க்கும் ஆசை இந்த ஊருக்குப் புதிது அல்ல.

ஆனால், கண்காட்சி முடிந்து வீடு திரும்பும் கார் சொந்தக்காரர் முதல் காரியமாக என்ன செய்கிறார் தெரியுமா? டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு காரைச் சுற்றி வருகிறார். எங்கே கீறல், எங்கே நசுங்கல் என்று தேடுகிறார்!

“சின்னப் பசங்க சார், என்ன பண்றது?” என்று பழியை எல்லாம் பிள்ளைகள் தலையில் போட்டு விடுகிறார்கள். இங்கேதான் தப்பு நடக்கிறது.

நான்கு வயதுப் பிள்ளை தானாக பானெட் மேல் ஏறி உட்காருவதில்லை. அதற்கு எட்டாது. தூக்கி வைப்பவர் அப்பா!

“சிரிடா கண்ணு!”

அம்மா செல்போனைத் தூக்கிப் பிடிக்கிறார். “இந்தப் பக்கம் திரும்பு... சிரிடா கண்ணு... அந்த பொம்மை மேல கையை வை...” என்று டைரக்‌ஷன் நடக்கிறது.

பிள்ளையின் ஜீன்ஸ் பேண்டில் பித்தளைக் குமிழ். இடுப்பில் பெல்ட் பக்கிள். பெண் குழந்தையாக இருந்தால் காலில் கொலுசு. இறக்கும்போது தூக்கி இறக்குவதும் இல்லை. சறுக்கு மரத்தில் விடுவதுபோல் “வா வா” என்று இழுக்கிறார்கள். ‘சர்ர்’ என்று ஒரு சத்தம்.

போட்டோ பிரமாதமாக வந்திருக்கும். காருக்கு?

இது ஒன்று மட்டும் அல்ல. வாசலில் பொம்மைக் கார் விற்கிறார்கள். பிள்ளை கேட்கிறது, வாங்கிக் கொடுக்கிறார்கள். உள்ளே வந்ததும் அந்தப் பிள்ளை பொம்மைக் காரை எங்கே ஓட்டும்? வழவழ என்று, சரிவாக, கைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும் பழைய கார் மட்கார்டின் மேல்தான்! அதைவிட நல்ல ரோடு அதற்கு எங்கே கிடைக்கும்? பிள்ளை மேல் குற்றம் சொல்ல முடியுமா?

பஞ்சு மிட்டாய் தின்ற விரல், முறுக்கு தின்ற விரல் எல்லாம் கண்ணாடியில் பதிகிறது. அது துடைத்தால் போய்விடும். போகாதது வேறு ஒன்று. ஊர்வலம் வந்த கார் மேல் தூசி படிந்திருக்கும். அந்தத் தூசியில் விரலால் தன் பெயரை எழுதுகிறான் பையன். “எழுத்து எவ்வளவு அழகா இருக்கு பாரு!” என்று பாட்டி பூரிக்கிறார். சென்னைத் தூசியில் பாதி மணல். விரலால் அழுத்தித் தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். தூசியைக் கழுவின பிறகும் பெயர் நிற்கும்!

பெரியவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. பேண்ட் பையில் சாவிக்கொத்தை வைத்துக்கொண்டே கதவில் சாய்ந்து நிற்கிறார்கள். கைப்பையின் ‘ஜிப்’ உரசுவதைக் கவனிப்பதில்லை. அந்தக் காலத்துக் கார்களில் கதவுக்குக் கீழே நீளமாக ஒரு புட்போர்டு இருக்கும். புட்போர்டைக் கண்டால் சென்னைவாசியின் கால் சும்மா இருக்குமா? பஸ் பழக்கம்! தானும் ஏறி, பிள்ளையையும் ஏற்றிக் கொள்கிறார். கீழே இருப்பது பல வருஷத்துப் பலகையும் ரப்பர் விரிப்பும் என்பது அவருக்குத் தெரியாது.

டூகோ

“ஒரு கீறல்தானே! ஒரு கோட் அடிச்சாப் போச்சு” என்று சொல்பவர்கள் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப்பில் போய் அரை மணி நேரம் நின்று பார்க்க வேண்டும்.

‘டூகோ பெயிண்ட்’ என்று நம் ஊர் மெக்கானிக்குகள் சொல்வார்களே, அது 1920-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி கொண்டு வந்த பெயிண்டின் பெயர். சீக்கிரம் காயும், பளபளக்கும். ஆனால் மெல்லிசு. பல முறை அடித்து, ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் தேய்த்து, மறுபடியும் அடித்து, கடைசியில் பாலீஷ் போட்டால்தான் முகம் தெரியும் பளபளப்பு வரும். இன்றைக்கு ஷோரூமில் நிற்கும் புதுக் காரிலும் அடிப்பூச்சிலிருந்து மேல்பூச்சு வரை எல்லாம் சேர்த்தாலும் கனம் ஒரு மில்லி மீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். அதற்கு சற்று முன்பின் இருக்கலாம். இதில் பெல்ட் பக்கிள் என்ன பாடு படுத்தும்?

கீறின இடத்தில் மட்டும் பெயிண்ட் தொட்டு வைத்தால் திட்டுத் திட்டாகத் தெரியும். பழைய நிறத்தோடு புது நிறம் ஒட்டாது. ஆகவே மட்கார்டில் ஒரு கீறல் விழுந்தால் மட்கார்டு முழுவதையும் அடிக்க வேண்டும். பானெட் நசுங்கினால் டிங்கர் வேலை, பட்டி வேலை, பிறகு பெயிண்ட். அந்தக் கை உள்ள டிங்கர்கள் எத்தனை பேர் மிச்சம்?

பெயிண்டாவது கடையில் கிடைக்கும். பாகங்கள்? வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் தயாரான ஹெரால்டு காரைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தத் தொழிற்சாலையே மூடிப் பல வருஷம் ஆகிறது. ஒரு விளக்குக் கண்ணாடி உடைந்தால் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பழைய மாரிஸ், ஆஸ்டின் கார்களில் கதவுத் தூணுக்குள் ஒரு சின்னக் கைகாட்டி ஒளிந்திருக்கும். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் வலது பக்கத்துக் கை ‘டக்’ என்று வெளியே நீளும். இதைப் பார்த்த பிள்ளை குதிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்! ஆனால் நீண்ட கையைப் பிடித்துக் கீழே வளைத்தால் அதோடு சரி. ரோல்ஸ் ராய்ஸ் காரின் முகப்பில் 1911-ம் ஆண்டு முதல் நிற்கிறாளே ஒரு பெண், அவளையும் சும்மா விடுவதில்லை. இப்போது வரும் புது ரோல்ஸ் ராய்சில் அவளைத் தட்டினால் உள்ளே போய் ஒளிந்துகொள்வாள். பழைய காரில் அந்தப் பாதுகாப்பு அவளுக்கு இல்லை.

“பரவாயில்லீங்க!”

கார் சொந்தக்காரர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவர் ஏன் வாய் திறப்பதில்லை?

கூச்சம்தான். வந்திருப்பவர்கள் விருந்தாளிகள். குழந்தையை முகத்தில் அடித்த மாதிரி அதட்ட அவருக்கு மனம் வருவதில்லை. பாதி எழுந்து, பாதி சிரித்து, “பார்த்துங்க... பார்த்து...” என்கிறார். அதைப் பெற்றோர் என்னவென்று எடுத்துக் கொள்கிறார்கள்? பிள்ளை கீழே விழுந்துவிடப் போகிறதே என்று அவர் கவலைப்படுவதாக! “விழ மாட்டான் சார், நான் பிடிச்சிருக்கேன்” என்று தைரியம் வேறு சொல்கிறார்கள்.

காரியம் கெட்ட பிறகு அவர் “பரவாயில்லீங்க” என்று சொல்வார். நம் ஊரில் காலை மிதித்தவனிடமும் பரவாயில்லை என்றுதான் சொல்வோம். வலிக்கவில்லை என்றா அர்த்தம்?

“பணக்காரங்க விளையாட்டு சார் இது. அவங்களுக்கு என்ன?” என்று ஒரு பேச்சு உண்டு. இது பாதிக்குப் பாதி தப்பு. கோடீஸ்வரர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அப்பா ஓட்டிய பியட்டை விற்க மனம் இல்லாமல், பென்ஷன் பணத்தில் பராமரித்துக் கொண்டு வருகிறவரும் அதே வரிசையில்தான் நிற்கிறார். அவர் காரில் விழுந்த கீறல் அவர் வீட்டு மளிகைக் கணக்கில் விழுந்த கீறல். அப்படியே பணக்காரராக இருந்தாலும், ஊரான் பொருளைக் கெடுக்க அது ஒரு லைசென்சா?

இரண்டு தடவை பார்ப்பார். மூன்றாவது தடவை காரைக் கொண்டு வர மாட்டார். கொண்டு வந்தாலும் நாலு பக்கமும் கயிறு கட்டி, பத்தடி தள்ளி நிறுத்துவார். அப்புறம் அடுத்த வீட்டுப் பிள்ளை, எதையும் தொடாத சமத்துப் பிள்ளை, எட்ட நின்று ஏங்கிவிட்டுப் போக வேண்டியதுதான்.

விரல் போனால்?

காருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம். பிள்ளைக்கு ஆபத்து இல்லையா? இதைப் பற்றி யாரும் நினைப்பதாகவே தெரியவில்லை.

வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற கறுப்பு பானெட் தோசைக்கல்லுக்குத் தம்பி. அதன் மேல் அரை டவுசர் போட்ட குழந்தையை உட்கார வைத்தால் தொடை கன்றிப்போகும். இப்போதுதான் வந்து நின்ற காரின் சைலன்சர் குழாய் பிள்ளையின் கெண்டைக்கால் உயரத்தில் இருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பானெட்டைத் திறந்து வைத்து என்ஜினை ஓட விட்டுக் காட்டுவார்கள். முன்னால் விசிறி சுற்றும். பழைய கார்களில் அதற்கு மறைப்பு கிடையாது. வேகமாகச் சுற்றும்போது இறக்கை கண்ணுக்கே தெரியாது. எட்டிப் பார்க்கும் பிள்ளையின் விரல், பெண்ணின் துப்பட்டா... நினைத்தாலே குலை நடுங்குகிறது.

சில கார்களில் கதவு நேர்மாறாகத் திறக்கும். கீல் பின்பக்கம். எந்தப் பக்கம் விரல் நசுங்கும் என்று பெரியவருக்கே புரியாது. ஹெரால்டு காரில் முன்பக்கம் முழுவதும், இரண்டு மட்கார்டுகளோடு சேர்ந்து, முதலை வாய் மாதிரி திறந்து முன்னால் சாயும். பார்க்க வேடிக்கைதான். மூடும்போது அந்த இடுக்கில் ஒரு பிஞ்சுக் கை இருந்தால்?

உள்ளே உட்கார்ந்த பிள்ளை சும்மா இருக்காது. ஹேண்ட்பிரேக்கைத் தட்டிவிட்டால், சரிவான தரையில் கார் நகர ஆரம்பித்து விடும். சில பழைய கார்களில் பட்டனை அமுக்கினாலே ஸ்டார்ட்டர் இழுக்கும். கியரில் நிற்கும் கார் ஒரு குதி குதிக்கும். முன்னால் போட்டோ எடுக்க நிற்பது யார்? அந்தப் பிள்ளையின் அம்மா!

அடி எதற்கு?

அதற்காக, கண்காட்சி வாசலிலேயே “ஏதாவது தொட்டே, தோலை உரிச்சுடுவேன்” என்று மிரட்டி அழைத்து வரும் அப்பாக்களைப் பாராட்ட வேண்டியது இல்லை. மிரட்டின பத்தாவது நிமிஷம் பிள்ளை தொடுகிறது. அத்தனை பேர் முன்னால் பளார்! பிள்ளை அழுகிறது. கார் சொந்தக்காரருக்கு தர்மசங்கடம். “வேணாம் சார், குழந்தையை அடிக்காதீங்க” என்று அவர் ஓடி வர வேண்டியிருக்கிறது.

பிள்ளையின் ஆசையில் தப்பே இல்லை. கார் என்பது ஏறி உட்காரச் செய்த பொருள். சாமி சிலை அல்ல. அதைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படாத பிள்ளைக்குத்தான் டாக்டரைக் கூப்பிட வேண்டும்!

நவராத்திரிக்குக் கொலு பார்க்கப் போகிற பிள்ளைகளைப் பாருங்கள். படிப்படியாகப் பொம்மை. யானை, குதிரை, செட்டியார், மரப்பாச்சி. எல்லாம் கைக்கு எட்டும் உயரம். கயிறு இல்லை, காவலாளி இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் தொடுவதில்லை. ஏன்? பெரியவர்களும் அங்கே தொடுவதில்லை. கொலுப் படியில் பிள்ளையை உட்கார வைத்து எந்த அப்பாவும் போட்டோ எடுப்பதில்லை. பிள்ளை பார்த்துக் கற்றுக்கொள்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சொல்லிவிடலாம்: “அங்கே எல்லாம் ஒருத்தரோட கார். கையைப் பின்னால கட்டிக்கிட்டுப் பார்க்கணும். உட்காரணும்னு ஆசையா இருந்தா கேட்போம். சரின்னா உட்காரலாம்.” ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது நன்றாகவே புரியும். அதைவிடச் சின்னது என்றால் இடுப்பிலோ தோளிலோதான் இருக்க வேண்டும். தரையில் விட்டுவிட்டுச் செல்போனைப் பார்க்கக் கூடாது.

கேட்பதையும் பிள்ளையை விட்டே கேட்கச் சொல்ல வேண்டும். “அங்கிள், நான் உள்ளே உட்காரலாமா?” என்று ஒரு பொடியன் கேட்டால் பத்துப் பேரில் எட்டுப் பேர் உருகிப் போய்விடுவார்கள். அவர்களே கதவைத் திறந்து விடுவார்கள், ஹாரன் அடித்துக் காட்டுவார்கள், தாத்தா காலத்துக் கதை சொல்வார்கள். கேட்க ஆள் கிடைத்ததே என்ற சந்தோஷம்!

வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் விட்டுவிட வேண்டும். “ஒரே ஒரு நிமிஷம் சார்... கெஞ்சறான் சார்...” என்று பேரம் பேசக் கூடாது. கத்தரிக்காய்க் கடையா அது?

உள்ளே ஏற்றுமுன் கையைத் துடைத்து, செருப்பைக் கழற்றி, பையைக் கீழே வைத்துவிட வேண்டும். கதவைத் திறப்பதும் சாத்துவதும் சொந்தக்காரர் வேலை. நிற்கிற காரில் ஸ்டீயரிங்கை முறுக்கக் கூடாது. பின்னால் இன்னும் பத்துப் பிள்ளைகள் நிற்கின்றன என்பதையும் மறக்கக் கூடாது.

போட்டோவுக்கு பானெட்தான் வேண்டும் என்று யார் சொன்னது? பிள்ளையை ஹெட்லைட் பக்கத்தில் தரையில் நிறுத்தி, எடுப்பவர் முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுத்தால் காரும் பெரிதாகத் தெரியும், பிள்ளை முகமும் தெரியும். ஸ்டூடியோக்காரர்கள் அந்தக் காலத்திலேயே செய்த வித்தைதான்.

கைக்கு வேலை இல்லாவிட்டால்தான் கை அலையும். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தால் பிள்ளை வரையும். எம்.எஸ்., எம்.டி. என்று ஆரம்பிக்கும் பழைய மதராஸ் நம்பர் பிளேட்டுகள் எத்தனை என்று எண்ணச் சொல்லலாம். பெட்ரோல் ஊற்றும் வாய் எங்கே என்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். 1956-ம் ஆண்டு செவ்ரோலே காரில் அது பின்பக்கத்து இடது விளக்குக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. விளக்கையே விலக்கித்தான் ஊற்ற வேண்டும்! இதைக் கண்டுபிடிக்க அப்பாவுக்கே அரை மணி ஆகும்.

இவ்வளவுக்குப் பிறகும் கை தவறி ஏதாவது ஆகிவிட்டால்? கூட்டத்தோடு கூட்டமாக நழுவுவதுதான் இப்போது வழக்கமாக இருக்கிறது. கைக்குட்டையில் எச்சில் தொட்டுத் தேய்க்கிறவர்களும் உண்டு. ஒரு கீறல் பத்துக் கீறல் ஆகும். சொந்தக்காரரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வர வேண்டும். முக்கால்வாசிப் பேர் பணம் கேட்க மாட்டார்கள். கேட்டால் கொடுப்பதுதான் நியாயம்.

நடத்துகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. ‘டோன்ட் டச்’ என்று இங்கிலீஷில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அட்டை எழுதிக் கண்ணாடிக்குள் வைத்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? தமிழில், பிள்ளை கண் உயரத்தில், பெரிதாக எழுதி வையுங்கள். “கேட்டுவிட்டுத் தொடவும்” என்று இருந்தால் போதும்.

கூடவே தொட்டுப் பார்க்க என்றே ஒரு கார் நிறுத்துங்கள். அம்பாசிடர் தயாரிப்பு 2014-ல் நின்றுபோனாலும், பெயிண்ட் போய் மூலையில் கிடக்கும் அம்பாசிடர் ஊரில் இன்னும் அகப்படும். ஒன்றைக் கொண்டு வந்து, பேட்டரியைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கதவுகளையும் கழற்றிவிட்டு, பிள்ளைகளை ஏற விடுங்கள். ஏறட்டும், இறங்கட்டும், ஸ்டீயரிங்கைச் சுற்றட்டும். பித்தளைக் குழலில் ரப்பர் பந்து வைத்த பழைய ‘பாம் பாம்’ ஹாரன் ஒன்றையும் அதில் கட்டி விடுங்கள். காலையிலிருந்து சாயந்திரம் வரை பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் காது வலிக்கும். வலிக்கட்டுமே!